கூட்டுத் தொழிலில் நம்பிக்கையும் கணக்கும்: எங்கே சறுக்குகிறோம்?

திருப்பூரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு தையல் யூனிட் போடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் 15 லட்சம் முதல் போடுகிறார். மற்றவருக்குத் தொழில் தெரியும். காலையில் ஷட்டரைத் திறப்பதிலிருந்து ராத்திரி பீஸ் எண்ணிக் கட்டுவது வரை அவர்தான். "நமக்குள்ள எதுக்குப்பா பத்திரம்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்றாம் வருடம் உழைக்கிறவர் மாதச் சம்பளம் கேட்கிறார். முதல் போட்டவரோ லாபத்தில் தனக்குத்தான் பெரும்பங்கு என்கிறார். தனியாக ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால் 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இருவரையுமே கைவிட்டுவிடும். அதன் 13-ஆம் பிரிவுப்படி, பங்குதாரர் பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. லாபமும் நட்டமும் சமபங்கு. யார் எவ்வளவு போட்டார் என்ற கேள்வியே எழாது.

பத்திரம் எழுதச் சரியான நேரம், சண்டையே வராது என்று இருவரும் நம்பும் நேரம்தான். அப்போதுதான் மனசு தாராளமாக இருக்கும், எழுதுவதும் நியாயமாக இருக்கும். எழுதியதோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் பதியாத கூட்டு நிறுவனம், பாக்கி வைத்த வியாபாரிமேல் ஒப்பந்தப்படி பணம் கேட்டு வழக்குப் போட முடியாது (69-ஆம் பிரிவு).

கணக்குக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துக்கொள்வாரோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் என் பார்வையில் பெரிய தவறு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஊரில் சொல்வார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் சட்டமே உரிமை தந்திருக்கிறது. மாதம் 10-ஆம் தேதி பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்டாக், வரவேண்டிய பாக்கி மூன்றையும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது என்று முதல் மாதத்திலேயே வழக்கமாக்கிவிட்டால், அப்புறம் யாரும் யாரிடமும் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

பயந்துபோய் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடுகிறவர்களும் உண்டு. எல்லாச் செக்கிலும் இருவர் கையெழுத்து என்று வைத்துவிடுவார்கள். சனிக்கிழமை சம்பள நாள். ஒரு பங்குதாரர் வெளியூரில் இருப்பார். டெய்லர்கள் மாலை வரை காத்திருந்துவிட்டு, திங்கட்கிழமை வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். இது நாலு தடவை நடந்தால், வெளியூர் போகிறவர் வெறும் செக்குகளில் கையெழுத்துப் போட்டு மேஜை டிராயரில் வைத்துவிட்டுப் போவார். அதோடு அந்தக் கட்டுப்பாடு செத்தது. அதற்குப் பதிலாக இருவரும் ஒத்துக்கொண்டு ஒரு தொகை வைக்கலாம்: 50,000 வரை ஒருவர் கையெழுத்து, அதற்கு மேல் இருவர். சம்பளம், கரண்ட் பில், நூல், ஊசி எல்லாம் யூனிட்டில் இருப்பவர் பொறுப்பு.

இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடம் கடன். தொழிலுக்கென்று நிறுவனத்தின் பெயரில் ஒருவர் வாங்கும் கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு. கடன் கொடுத்தவர் உங்கள் ஒருவரிடமே மொத்தத்தையும் கேட்கலாம், உங்கள் வீடு வரைக்கும் அது வரலாம். இருவர் சம்மதம் இல்லாமல் கடன் வாங்குவதில்லை என்று பத்திரத்தில் எழுதுங்கள், வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். வங்கிக்குத் தெரியாத கட்டுப்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது.

விலகும்போதும் பலர் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். விலகியதற்குப் பொது அறிவிப்பு கொடுக்கும் வரை, நீங்கள் பங்குதாரர் என்று தெரிந்து நிறுவனத்தோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கு உங்கள் பொறுப்பு தொடரும். பதிவான நிறுவனமாக இருந்தால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும்.