ஒரே பெயர், ஒரே இனிஷியல், வேறு ஆள்: பழைய ஆட்டக்காரர்களைப் பிரித்தறியும் வழி

மதுரைப் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்களைப் பட்டியல் போடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இனிஷியலில்தான். கருப்பையா மகன் பாண்டி என்று வைத்துக்கொள்வோம், அவர் க. பாண்டி. தன் மகனுக்குத் தகப்பன் பெயரை வைக்கிறார், பா. கருப்பையா. அந்தக் கருப்பையாவும் தன் தகப்பன் பெயரையே பிள்ளைக்கு வைத்தால் மறுபடியும் க. பாண்டி! ஊரும் ஒன்று, பெரும்பாலும் ஆடுகிற கபடியும் ஒன்று. வருடத்தைப் பார்க்காமல் சேர்த்தால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகி, ஐம்பது வருடம் களத்தில் நிற்பார்.

அதனால் ஒரு செய்திக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். வருடம், ஆட்டம், அணி, ஆடிய இடம், பெயர் அச்சான விதம் அப்படியே. 'எம். பாண்டி' என்றிருந்தால் அப்படியே எழுதுங்கள், விரிக்க வேண்டாம். அந்த 'எம்' முத்தையாவாக இருக்கலாம். மதுரையோ மேலூரோ ஆகவும் இருக்கலாம். தமிழில் 'ச.' என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் 'எஸ்' என்பார், இன்னொருவர் 'சி' என்பார்.

எல்லா இனிஷியலும் தகப்பன் பெயரல்ல. சென்னை கிரிக்கெட்டில் ஏ.ஜி. ராம்சிங், அவர் மகன்கள் ஏ.ஜி. கிருபால் சிங், ஏ.ஜி. மில்கா சிங், எல்லாருக்கும் அதே 'ஏ.ஜி.'தான். இந்த மில்கா சிங் 1960-61இல் இந்தியாவுக்காக 4 டெஸ்ட் ஆடியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நாலாவதாக வந்த மில்கா சிங் வேறு. 'மில்கா சிங், 1960' என்று மட்டும் குறித்துவைத்தால் வருடமும் காப்பாற்றாது. ஆட்டத்தையும் எழுதினால்தான் பிரியும்.

ஆட்டமும் ஒன்றாக இருந்தால் வேலை பார்த்த இடத்தைப் பாருங்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய நம் ஹாக்கி அணியில் மூன்று பல்பீர் சிங். பஞ்சாப், ரயில்வே, ராணுவம் என்றுதான் பிரித்தார்கள். 1948, 1952, 1956 தங்கங்களை வாங்கிய பல்பீர் சிங் இந்த மூவரிலும் இல்லை. நம்மூரிலும் ரயில்வே, போலீஸ், மில் அணிகள் இதே வேலையைச் செய்யும்.

'மதுரை மாவட்ட வீரர்' என்பதையும் வருடத்தோடு படியுங்கள். 1985 வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தான். பெரியகுளம் தேனி மாவட்டத்துக்குப் போனது அதற்கும் பிறகு. கல்லூரி ஆட்டக்காரர் என்றால் 1966க்கு முன் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடையாது. சென்னைப் பல்கலைக்கழக அணியில் தேடுங்கள்.

பிறந்த தேதியில் நாள், மாதத்தை ரொம்ப நம்பாதீர்கள். ஜூனில் பள்ளியில் சேர்க்க வசதியாக வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள் ஏராளம். இரண்டு பேருக்கு ஒரே தேதி வந்துவிடும்.

குழு போட்டோ கிடைத்தால் பின்பக்கத்தையும் படமெடுங்கள். முன்னால் அச்சில் விட்டுப்போன இனிஷியல் பின்னால் பென்சிலில் இருக்கும்.

அணி, வேலை, தகப்பன் பெயர் இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இரண்டு சீட்டைச் சேர்க்காதீர்கள். அதுவரை 'க. பாண்டி (கபடி, மேலூர், 1950கள்)', 'க. பாண்டி (கபடி, மேலூர், 1990கள்)' என்று தனித்தனியாகவே இருக்கட்டும். பிறகு சேர்ப்பது ஒரு நிமிட வேலை; சேர்த்ததைப் பிரிக்க எல்லாச் சீட்டையும் மறுபடி படிக்க வேண்டும்.