ஏழு எழுத்தைக் குடுத்தால் இங்கிலிஷ் சொல்லைப் பிடிக்கிறது எப்படி?

கொழும்பு காலி வீதி நெரிசலில் 100ஆம் நம்பர் பஸ் நகராமல் நிக்கேக்க, போனில் சொல் விளையாட்டோட மினக்கெடுற வெள்ளவத்தை ஆக்களுக்கு இது. ஜி, ஏ, டீ, எஸ், ஆர், ஐ, என் வந்திருக்குதா? வரிசையாப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒண்டும் பிடிபடாது, வட்டமா எழுதுங்கோ. முதல்ல வாலைப் பிரியுங்கோ. ஐ-என்-ஜியைத் தனிய எடுத்தால் மிச்சம் எஸ், டீ, ஏ, ஆர். 'ஸ்டேரிங்' (staring) வந்திட்டுது! எஸ்ஸைக் கடைசிக்குத் தள்ளி, மிச்சத்தை மாத்தி அடுக்கினால் 'ரேட்டிங்ஸ்' (ratings). ஸ்கிராபிள் எண்ட சொல் அடுக்குற பலகை விளையாட்டில் ஏழு எழுத்தையும் ஒரே தரத்தில் வைத்தால் 50 புள்ளி கூடக் கிடைக்கும், அதால இந்த வால் வேலை நல்ல லாபம்.

குறுக்கெழுத்து எண்டால் ஒன்லுக் (OneLook) எண்ட சொல் தேடுற இணையத்தளம் போதும். தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி. எத்தனை எழுத்தெண்டே தெரியாட்டி நட்சத்திரக்குறி. போட்டி நடக்கேக்க மட்டும் திறக்காதேங்கோ, அது களவு.