மைன்கிராஃப்ட் சர்வரில் எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஈப்போவில் இருக்கும் அக்கா பிள்ளைகளும் கட்டைகளை அடுக்கிக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் ஒரே உலகத்தில்தான் கூடுவார்கள். அவர்களுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் சின்ன வாடகை சர்வர் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். டிஸ்க் 40 ஜிபிதான். ஒரு நாள் அது நிறைந்துவிட்டது. 60 நாளாக மாறாத கோப்புகள் எல்லாம் குப்பைதானே என்று நினைத்து மொத்தமாக அழித்தேன்.

அடுத்த விடுமுறையில் அக்கா மகள் உள்ளே போனாள். "மாமா, என் படிக்கட்டைக் காணோம்" என்றாள். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை மணற்கல்லில் கட்டி வைத்திருந்தாள். அந்த இடத்தில் புல்லும் ஓக் மரங்களும் நின்றன. யாருமே அங்கே கால் வைக்காததுபோல இருந்தது.

காரணம் இதுதான். மைன்கிராஃப்ட் தன் உலகத்தை 512-க்கு 512 கட்டைகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, சதுரத்துக்கு ஒரு கோப்பாக ரீஜன் என்ற கோப்புறையில் வைக்கிறது. யாரும் போகாத சதுரத்தின் கோப்பில் தேதி மாறாது. அந்தக் கோப்பு இல்லாவிட்டால் சர்வர் பிழை எதுவும் காட்டாது. உலகத்தை முதலில் உருவாக்கிய விதை எண்ணை வைத்து வெறும் நிலத்தைப் புதிதாக உருவாக்கிவிடும். பழைய கோப்பு வேறு, தற்காலிகக் கோப்பு வேறு. புதிதாக சர்வர் நடத்துபவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

(கீழே கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

படி 1: இடத்தைப் பாருங்கள்

சர்வருக்குள் நுழைந்து 'டிஎஃப் -எச்' என்று அடியுங்கள். கடைசி நெடுவரிசையில் சாய்கோடு மட்டும் இருக்கும் வரிதான் உங்கள் முக்கிய டிஸ்க். 80 விழுக்காட்டைத் தாண்டினால் நான் வேலையில் இறங்கிவிடுவேன். முழுதாக நிறைந்த பிறகு உலகத்தைச் சேமிக்க இடம் இருக்காது, அன்று மாலை கட்டியது போய்விடும். அப்புறம் சர்வர் கோப்புறைக்குள் போய் 'டியு -எஸ்எச் *' என்று அடித்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும்.

படி 2: பிரித்துப் பாருங்கள்

லாக்ஸ் கோப்புறையில் 'லேட்டஸ்ட்' என்ற பெயரில் இருப்பது இப்போது எழுதப்படும் லாக், அதாவது நடப்பதைக் குறிக்கும் பதிவேடு. நாள் மாறும்போதும் சர்வரை மறுபடி தொடங்கும்போதும் பழையது சுருக்கப்பட்டு, தேதியோடு தனிக் கோப்பாகும். யார் எப்போது வந்தார், என்ன பேசினார் என்பதற்கு அதுதான் சாட்சி. அதனால் இரண்டு வாரத்து லாக்கை வைத்துக்கொண்டு மீதியை அழிக்கலாம்.

கிராஷ்-ரிப்போர்ட்ஸ் கோப்புறையில் சர்வர் விழுந்தபோது எழுதியவை இருக்கும், அவற்றைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு அழியுங்கள். 'எச்எஸ்_எர்' என்று தொடங்கும் கோப்புகள் சர்வரை ஓட்டும் ஜாவாவே விழுந்தபோது எழுதியவை. அவற்றுக்கும் இதே விதிதான். 'எச்பிராஃப்' என்று முடியும் கோப்பு இருந்தால் அதன் அளவைப் பாருங்கள். நினைவகம் தீர்ந்தபோது ஜாவா எடுத்துவைத்த நகல் அது. சர்வருக்கு 4 ஜிபி நினைவகம் கொடுத்திருந்தால் அந்த ஒரே கோப்பு சில ஜிபி வரை போகலாம்.

என் டிஸ்க்கை உண்மையில் நிரப்பியது இவை எதுவுமில்லை, அதே டிஸ்க்கில் வரிசையாகக் குவிந்திருந்த பேக்கப் ஜிப்கள்தான், அதாவது உலகத்தின் சுருக்கிய நகல்கள்.

உலகம் இருக்கும் வேர்ல்டு கோப்புறைக்குள் எதையும் தொடாதீர்கள். 'லெவல்.டாட்_ஓல்ட்' என்ற பெயரைப் பார்த்துப் பழசு என்று நினைக்க வேண்டாம், முதன்மைக் கோப்பு கெட்டுப்போனால் அதுதான் கைகொடுக்கும். 'செஷன்.லாக்' கோப்பின் பெயரைப் பார்த்து அதையும் பதிவேடு என்று எண்ணிவிடாதீர்கள். அது பூட்டு. ஒரே உலகத்தை இரண்டு சர்வர்கள் திறந்துவிடாமல் காக்கிறது.

படி 3: முதலில் பேக்கப்

சர்வர் திரையில் 'ஸ்டாப்' என்று அடித்து, அது முழுதாக நின்ற பிறகு வேர்ல்டு கோப்புறையை உங்கள் வீட்டுக் கணினிக்கு இறக்குங்கள். பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பதால் நிறுத்த முடியவில்லையா? 'சேவ்-ஆஃப்', அடுத்து 'சேவ்-ஆல்', பிறகு நகல் எடுத்து, கடைசியில் 'சேவ்-ஆன்'. அந்தக் கடைசிக் கட்டளையை மறந்துவிட்டால் தானாகச் சேமிப்பது நின்றபடியே இருக்கும்.

படி 4: அழிப்பது

'ஃபைண்ட்' கட்டளையை லாக்ஸ் கோப்புறைக்கு மட்டும் கொடுங்கள். 'ஃபைண்ட் லாக்ஸ் -எம்டைம் +14 -பிரிண்ட்' என்று அடித்தால் பட்டியல் மட்டும் வரும். எம்டைம் என்பது கோப்பு கடைசியாக மாறிய நேரம். +14 என்றால் மாறி 15 நாளும் அதற்கு மேலும் என்று பொருள். பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். எல்லாம் சரி என்றால் பிரிண்ட் இருந்த இடத்தில் 'டிலீட்' போடுங்கள். டிலீட் எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும். எம்டைமுக்கு முன்னால் வந்துவிட்டால் நாள் கணக்கே பார்க்காமல் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் லேட்டஸ்ட் லாக்கை அழித்தால் இடம் திரும்பக் கிடைக்காது. ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை லினக்ஸ் பெயரளவில்தான் நீக்கும். சர்வரை நிறுத்தினால்தான் இடம் விடுபடும்.

படி 5: நேரம் குறிப்பது

தினமும் தானாக நடக்க, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் 'கிரான்' போதும். ஆனால் வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், மலேசியாவில் நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். பினாங்கில் விடியற்காலை 4 மணிக்கு நடக்க வேண்டுமென்றால் 20 மணி என்று குறிக்க வேண்டும். லாக் தேடும்போதும் இந்தக் கணக்கு உதவும். நம் காலை 7 மணிக்கு நடந்தது முந்தின நாள் தேதியிட்ட லாக்கில்தான் இருக்கும்.

தவறி அழித்துவிட்டால்

என்னிடம் எடுத்துச்செல்லும் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பழைய ஜிப் இருந்தது. ஆனால் உலகம் முழுவதையும் பின்னால் கொண்டுபோனால் மற்ற பிள்ளைகள் கட்டியது போய்விடும். ஒரு சதுரத்தை மட்டும் மீட்கலாம். விளையாட்டில் எஃப்3 தட்டினால் எக்ஸ், இசட் எண்கள் தெரியும். இரண்டையும் 512-ஆல் வகுத்து, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்குங்கள். எக்ஸ் 700 என்றால் 1. இசட் -300 என்றால் -0.59 வரும், அதைக் கீழே இறக்கினால் -1, பூஜ்யம் இல்லை. ஆக, பெயரில் 1, -1 என்ற எண்கள் உள்ள கோப்புதான் நமக்கு வேண்டியது. சர்வரை நிறுத்திவிட்டு அதை மட்டும் ரீஜன் கோப்புறையில் வையுங்கள்.

நான் அப்படி வைத்ததும் படிக்கட்டு வந்துவிட்டது. ஆனால் உச்சியில் சட்டகத்தில் மாட்டியிருந்த திரிசூலம் வரவில்லை. வேலுக்குப் பதிலாக அதைத்தான் அவள் மாட்டி வைத்திருந்தாள். சட்டகம், ஆடுமாடு போன்றவை 1.17 பதிப்பிலிருந்து 'என்டிட்டீஸ்' என்ற தனிக் கோப்புறையில், அதே எண்கள் உள்ள கோப்பில் இருக்கின்றன. சர்வரை மறுபடி நிறுத்தி அதையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு, "இருக்கு மாமா" என்றாள்.