பின் சக்கர பேரிங் மாற்றியது: என் அனுபவம்

நிறைய ஓடிய பைக். வேகம் கூடக்கூடப் பின்னால் உறுமல். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. (பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் கோளாறு அதன் புஷ்ஷில்.) சக்கரத்தின் நடுத்தண்டான ஆக்சிலை உருவி, பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றினேன், நறநறத்தது, சீல் ஓரத்தில் துருத்தூள்.

பேரிங் 6302: உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 42, அகலம் 13. உங்கள் பைக்கில் வேறாக இருக்கலாம்; பழைய பேரிங்கிலுள்ள எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

இரு பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் குழாயைச் சற்று ஒதுக்கி, எதிர்ப்பக்கத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தட்டினால் பழையது வெளிவரும். புதியதை ஃப்ரீசரில் வைத்து, பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியான ஹப்பைச் சூடாக்கினால் சுலபமாக இறங்கும். அடி வெளிவளையத்தில் மட்டும் விழணும். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும், புதுப் பேரிங்கே வீண். ஸ்பேசரை விட்டுவிட்டால் ஆக்சில் நட்டை முறுக்கும்போதே உள்வளையங்கள் நெருக்குண்டு பேரிங் சீக்கிரம் போகும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.