ரிச்சர்ட் ஓவனின் கடிதங்களை வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்குவது எப்படி

டைனோசர் என்ற பெயரை 1842-இல் அச்சில் ஏற்றியவர் பிரிட்டிஷ் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன். 1827-இல் லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியின் ஹன்டர் அருங்காட்சியகத்தில் உதவியாளராக நுழைந்தார், பிறகு அதற்கே காப்பாளர் ஆனார், 1856-இல் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவுகளுக்குத் தலைவர் ஆனார். இடம் போதவில்லை என்று வருடக்கணக்கில் நச்சரித்து, 1881-இல் லண்டனின் தென் கென்சிங்டன் பகுதியில் தனிக் கட்டடமே திறக்க வைத்தார், அதுதான் இன்றைய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். இப்படி ஒரு மனிதருக்கு வந்த கடிதங்கள் எவ்வளவு இருக்கும்? லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகள். நம்மில் பலருக்கு லண்டன் போக விசாவும் இல்லை, காசும் இல்லை. ஆனாலும் பாதி வேலையை இங்கே உட்கார்ந்தே முடிக்கலாம்.

முதலில் சரியான ஓவனைப் பிடியுங்கள். தேடுபெட்டியில் பெயரைத் தட்டினால் அமெரிக்காவில் இந்தியானா பக்கம் இருந்த இன்னொரு ரிச்சர்ட் ஓவன் வந்து நிற்பார். அவரும் புவியியலாளர், அவரும் அதே காலம், சோசலிஸ்ட் ராபர்ட் ஓவனின் மகன். போதாததற்கு நம்மவரின் பேரன் பெயரும் ரிச்சர்ட் ஓவன்தான், பாதிரியார், தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். அதனால் 1804-1892 என்ற ஆண்டுகளைச் சேர்த்தே தேடுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தியானாக்காரரின் குறிப்புகளைச் சேகரித்து வைத்திருந்தேன்.

அடுத்து, எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் 'டிஸ்கவரி' என்ற இணையப் பட்டியலில் ஒருவரின் காகிதங்கள் எந்தெந்த நூலகங்களில் சிதறிக் கிடக்கின்றன என்று ஒரே பக்கத்தில் வந்துவிடும். இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். ஓவனின் கடிதக் கட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் ஓவனுக்கு வந்தவை. அவர் எழுதியவை, வாங்கியவர் வீட்டுக்குப் போய்விட்டன. டார்வினுக்கு எழுதியதை டார்வின் காகிதங்களிலும், அறிவியல் தத்துவ அறிஞர் வில்லியம் ஹ்யூவலுக்கு எழுதியதை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் தேட வேண்டும். ஓவனின் பரம எதிரியான, புதைபடிவ ஆய்வாளர் கிடியன் மாண்டெலின் நாட்குறிப்பு நியூசிலாந்தின் வெலிங்டனில், அலெக்சாண்டர் டர்ன்புல் நூலகத்தில் இருக்கிறது, ஏனென்றால் மகன் வால்டர் அங்கே போய்க் குடியேறிவிட்டார். எதிரிகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை: பரிணாமக் கொள்கை விஷயத்தில் ஓவனோடு மோதிய டார்வினின் கடிதங்கள் அழகாகப் பதிப்பிக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓவன் பக்கம் அப்படி இல்லை. சுலபமாகக் கிடைப்பதை மட்டும் படித்தால் டார்வின் தரப்புச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு எழுதுகிற கதைதான்.

சரி, எந்தக் கடிதத்தில் தொடங்குவது? ஆளைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் மூழ்கிவிடுவீர்கள், ஒரு எலும்பைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. கடிதங்களைப் பெரும்பாலும் எழுதியவர் பெயரின் அகரவரிசையில் கட்டி வைப்பார்கள், ஒரே விஷயத்தைப் பற்றிய பத்துக் கடிதம் பத்து இடத்தில் இருக்கும், அவற்றைக் கோக்க ஒரு நூல் வேண்டும், அருங்காட்சியகக்காரர் விஷயத்தில் அந்த நூல் பெரும்பாலும் ஒரு பொருள்தான்.

மோவா எலும்பை எடுத்துக்கொள்வோம். மோவா என்பது நியூசிலாந்தில் வாழ்ந்து அழிந்துபோன, பறக்காத பெரிய பறவை. 1839-இல் ஜான் ரூல் என்ற மருத்துவர், நியூசிலாந்திலிருந்து வந்த தொடை எலும்புத் துண்டு ஒன்றை விற்க ஓவனிடம் வருகிறார். ஆறு அங்குல நீளம்தான், இரண்டு முனையும் கிடையாது. பார்த்ததும் சாப்பாட்டு மேசைக்கு வரும் மாட்டு மஜ்ஜை எலும்பு மாதிரித்தான் இருந்தது என்று பின்னாளில் ஓவனே எழுதுகிறார். பிறகு கூடத்தில் இருந்த எலும்புக்கூடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, இது தீக்கோழி அளவில் பறக்காத ஒரு பறவை என்று 1839 நவம்பர் 12 அன்று விலங்கியல் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். ஒரு துண்டை வைத்துக்கொண்டு! கட்டுரையின் பிரதிகள் நியூசிலாந்துக்குப் போயின. 1843-இல் வில்லியம் வில்லியம்ஸ் என்ற மிஷனரி அனுப்பிய எலும்புப் பெட்டி புவியியலாளர் வில்லியம் பக்லண்டுக்கு வர, அவர் அதை ஓவனிடம் தர, சொன்னது சரி என்று ஆயிற்று. அந்தப் பறவைக்கு டைனார்னிஸ் என்று ஓவன் பெயர் வைத்தார்.

இதில் எத்தனை முனை இருக்கிறது பாருங்கள். ரூலின் கடிதம், கல்லூரியின் நிர்வாகக் குறிப்பேடு (ரூல் கேட்ட 10 கினிக்கு, அதாவது பத்துப் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், எலும்பை வாங்க கல்லூரி ஒத்துக்கொள்ளவில்லை), சங்கத்தின் கூட்டக் குறிப்பு, பக்லண்டோடு நடந்த கடிதப் போக்குவரத்து, கடைசியில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே வந்து சேர்ந்த அந்த எலும்பு. சங்கத்தின் கூட்டக் குறிப்புகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசம், அதையே முதலில் படியுங்கள். அச்சில் வந்த தேதி கையில் இருந்தால் கையெழுத்துக் கடிதத்துக்கு ஒரு முளை அடித்த மாதிரி.

தேதி என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்து ஆட்கள் 'செவ்வாய் மாலை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மூன்று வழி. தபால் முத்திரையைப் பாருங்கள். 1840 ஜனவரியில் பென்னி தபால் (தூரம் பாராமல் ஒரே பென்னிக் கட்டணம்) வருவதற்கு முன் தாளின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் காசு, அதனால் உறை போடாமல் தாளையே மடித்து முதுகில் முகவரி எழுதினார்கள், முத்திரையும் அதே தாளில் இருக்கும். பின்னால் வந்த உறைகள் பல தொலைந்து போயின, முத்திரையும் அவற்றோடு போயிற்று. இரண்டாவது, தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் ஆண்டு இருக்கலாம், அந்த ஆண்டுக்கு முன் எழுதியிருக்க முடியாது. மூன்றாவது, பழைய நாட்காட்டியை இணையத்தில் எடுத்துக் கிழமையைச் சரிபாருங்கள். மேலே சொன்ன நவம்பர் 12 செவ்வாய்க்கிழமை. அப்படியானால் 'நேற்றைய கூட்டத்தில்' என்று தொடங்கி 'புதன்' என்று மட்டும் போட்ட கடிதம் கிடைத்தால் எங்கே பொருத்திப் பார்ப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு கண்ணி 'அல்ட்', 'இன்ஸ்ட்' என்ற சுருக்கங்கள். தேதிக்குப் பக்கத்தில் அல்ட் என்று இருந்தால் போன மாதம், இன்ஸ்ட் என்றால் இந்த மாதம், ப்ராக்ஸ் என்றால் வரும் மாதம். காசுக் கணக்கும் கொஞ்சம் பழக வேண்டும்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. ரூல் கேட்டது 10 பவுண்டு 10 ஷில்லிங்.

கையெழுத்துக்கு வருவோம். ஓலைச்சுவடி படித்துப் பழகியவர்களுக்கு இதில் பாதிப் பயம் போய்விடும். புள்ளியே இல்லாத ஏட்டில் 'க'வா 'க்'கா என்று இடம் பார்த்து முடிவு செய்கிறோம் இல்லையா, அதே புத்திதான் இங்கேயும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கையெழுத்துகளில் இரட்டை 'எஸ்' வந்தால் முதல் எஸ்ஸை நீட்டி 'எஃப்' மாதிரி போடுவார்கள், 'ப்ரொஃபஸர்' என்ற சொல் 'ப்ரொஃபெஃப்ஸர்' என்று கண்ணில் படும். தபால் செலவை மிச்சம் பிடிக்க, எழுதி முடித்த தாளைக் குறுக்காகத் திருப்பி அதன் மேலேயே மறுபடி எழுதியவையும் உண்டு. படத்தைத் திரையில் 90 பாகை திருப்பிவிட்டு ஒரு திசை வரிகளை மட்டும் படியுங்கள், கொஞ்ச நேரத்தில் மற்ற வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ட்ரான்ஸ்க்ரிபஸ் மாதிரி கையெழுத்தை வாசிக்கும் மென்பொருள் முதல் வரைவு தரும், ஆனால் விலங்குப் பெயரிலும் ஆள் பெயரிலும் சறுக்கும், நமக்கு வேண்டியதே அவைதான். புரியாத சொல்லுக்குச் சதுர அடைப்பில் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள், மறுநாள் அது ஊகம் என்பதே மறந்துவிடும்.

கடிதக் கட்டுகளில் இல்லாததையும் யோசியுங்கள். ஏட்டைக் கரையானுக்குக் கொடுத்தவர்கள், ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்கள் கதை நமக்குத் தெரியும். ஹன்டர் அருங்காட்சியகத்துக்கும் அப்படி ஒரு கதை உண்டு. அதன் சேகரிப்பை உருவாக்கிய அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1793-இல் இறந்த பிறகு வாரம் 7 ஷில்லிங் கூலிக்கு அந்தச் சேகரிப்பைக் காத்தவர் வில்லியம் கிளிஃப்ட். ஹன்டரின் மச்சான் எவரார்ட் ஹோம் கையெழுத்துப் பிரதிகளை வாங்கிக்கொண்டு போய் 1823-இல் எரித்துவிட்டார். ஆனால் கிளிஃப்ட் அதற்கு முன்பே அவற்றில் ஒரு பகுதியை உட்கார்ந்து நகல் எடுத்து வைத்திருந்தார்! அந்தக் கிளிஃப்டின் மகள் கரோலினைத்தான் ஓவன் 1835-இல் மணந்தார், அந்த நகல்களை 1861-இல் அச்சிட்டதும் ஓவன்தான். ஹன்டரின் வரி என்று ஒன்றைப் படிக்கும்போது அது யார் கை, யார் நகல் என்று பட்டியல் குறிப்பில் பாருங்கள். பேரன் 1894-இல் வெளியிட்ட இரண்டு தொகுதி வாழ்க்கை வரலாற்றுக்கும் இது பொருந்தும். கரோலினின் நாட்குறிப்பிலிருந்து எடுத்த பகுதிகள் நிறைய, படிக்கச் சுவையாக இருக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கிறது, ஆனால் குடும்பம் தேர்ந்தெடுத்ததுதான் உள்ளே இருக்கும். அதை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மூலத்தைக் கேளுங்கள்.

கேட்பது எப்படி? காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'ஓவனைப் பற்றி எல்லாம் வேண்டும்' என்று எழுதினால் பட்டியலின் இணைப்பைத் தந்துவிட்டு ஒதுங்கிவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை. பட்டியல் எண், தொகுதி, தாள் எண், எழுதியவர், தோராய ஆண்டு என்று நாலு வரியில் எழுதுங்கள். தாளுக்கு ஒரு எண்தான், முன்பக்கம் பின்பக்கம் தனியாகச் சொல்ல வேண்டும், முகவரி இருக்கும் முதுகுப் பக்கத்தையும் சேர்த்துப் படம் கேளுங்கள், இல்லாவிட்டால் முத்திரை வராது. நகலுக்குக் கட்டணம் இருக்கும், விலையைக் கேட்டுக்கொண்டு பிறகு சரி சொல்லுங்கள். நேரில் போகிறவர்கள் முன்பதிவு செய்துவிட்டுப் பென்சிலோடு போங்கள், பேனா உள்ளே விடமாட்டார்கள். சினிமாவில் வருகிற வெள்ளைக் கையுறை காகிதத்துக்கு வேண்டாம், கழுவி உலர்த்திய கையே போதும்.

வெளியிடும் எண்ணம் இருந்தால் இதையும் கேட்டுவிடுங்கள். ஆள் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதே என்று நினைக்கலாம், ஆனால் பிரிட்டிஷ் சட்டப்படி அக்காலத்தவர் எழுதி அச்சில் வராமலே கிடக்கும் கடிதங்களுக்கு 2039 கடைசி வரை காப்புரிமை ஓடுகிறது. அந்த உரிமை எழுதியவரின் வாரிசுக்கு, காப்பகத்துக்கு அல்ல. ரூலின் கடிதத்துக்கு ஓவனின் வாரிசு அனுமதி தர முடியாது, ரூலின் வாரிசைத்தான் கேட்க வேண்டும்.