கண்மாயில் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கும் முறை

வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த கண்மாய் தை மாதத்தில் தெளிந்து, கரையோரம் அல்லியும் பாசியும் படர்ந்துவிட்டால், மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களில் விராலுக்குத் தூண்டில் போட அதைவிட நல்ல காலம் கிடையாது. மண்புழு கோத்துக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவர்கள் அடுத்து விராலுக்கு வரும்போது உதவும் என்று இதை எழுதுகிறேன்; ரீலில் நரம்பு சுற்றுவது, முடிச்சுப் போடுவது ஆகியவற்றை விளக்கப் போவதில்லை. ரப்பர் தவளை என்னும் போலி இரையை வாங்கிய முதல் பருவத்தில் பதினொரு விரால்கள் என் தவளையைக் கவ்வின, ஒன்றுகூடக் கரையேறவில்லை. பதினொன்றும் ஒரே பிழையால் போயின என்பது மறு ஆண்டுதான் எனக்கு விளங்கியது.

முதலில் அனுமதி. கண்மாய் மீன்கள் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும் என்பதால், குத்தகைதாரரிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ கேட்காமல் கம்பை எடுக்க வேண்டாம். கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்காக மீனைக் காத்துவைத்திருக்கும் ஊர்களில் கேட்டாலும் மறுத்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை.

கருவிகள்

ஏழடி நீளத்தில் சற்று விறைப்பான கம்பு, 3000 அளவுள்ள ரீல், 40 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு ஆகியவை போதும். கம்பு, ரீல், தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) மூன்றையும் ஒன்றாகக் கட்டி விற்கும் மலிவான தொகுப்பை வாங்காதீர்கள். தங்கூசி இழுத்தால் நீளும். இருபது மீட்டர் தொலைவில் மீன் கவ்வும்போது நீங்கள் வெட்டி இழுக்கும் விசையில் ஒரு பகுதி அந்த நீட்சியிலேயே கரைந்துபோகும். பின்னல் நரம்பு நீளாது, பாசியையும் அறுத்துக்கொண்டு வரும். தவளை ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் நீளத்தில், விரலால் அழுத்தினால் எளிதில் அமுங்குவதாக இருக்க வேண்டும். கடையில் எதைப் பார்க்காவிட்டாலும் இந்த மென்மையைப் பாருங்கள். காரணம் கீழே வருகிறது. உயிருள்ள தவளையை முள்ளில் கோப்பதை நான் விட்டுவிட்டேன், உங்களுக்கும் அதைச் சொல்லித்தர விருப்பமில்லை.

விரால் இருக்கும் இடம்

விரால் செவுளால் மட்டும் மூச்சு விடும் மீன் அன்று. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். ஆகவே காலை ஆறரை மணிக்குக் கரையில் ஓசையின்றிப் பத்து நிமிடம் உட்கார்ந்து, இலைகளுக்கிடையே ‘ப்ளக்’ என்ற ஒலியுடன் வளையம் எழும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மடையை ஒட்டிய பள்ளம், அல்லி இலைகளுக்கு நடுவிலுள்ள திறந்த குழிகள், நீரில் சாய்ந்த கருவேல மரத்தடி ஆகிய மூன்றும் எனக்கு ஏமாற்றம் தராத இடங்கள். செந்நிறக் குஞ்சுகள் பந்துபோல் திரண்டு நீர்மட்டத்தில் மேயக் கண்டால், தாயோ தந்தையோ அடியில் காவல் நிற்கிறது என்று பொருள். அப்போது எதை எறிந்தாலும் அது பாயும் என்பதற்காகவே சிலர் குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும் என்பதால் நான் அங்கே எறிவதில்லை.

எறிதலும் காத்திருத்தலும்

வளையம் எழுந்த இடத்தின் மேலேயே எறியாமல், அதற்கு ஐந்தாறு அடி அப்பால் எறிந்து, கம்பின் நுனியைச் சிறிது சிறிதாகச் சுண்டித் தவளையை இலைகளின் மேல் தாவித் தாவி வரச் செய்யுங்கள். திறந்த குழி வந்ததும் மூன்று எண்ணும்வரை நிறுத்துங்கள். பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் அடி விழும், அதாவது விரால் தவளையின் மேல் பாயும்.

என் பதினொரு மீன்களும் இந்த நொடியில்தான் போயின. நீர் வெடித்துச் சிதறும் ஓசை கேட்டதும் கை தானாகக் கம்பைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது. ஆனால் தவளையின் இரட்டை முள்கள் அதன் முதுகோடு ஒட்டிப் படிந்திருப்பவை. பாசியில் சிக்காமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். விரால் வாயை மூடி உடலை அமுக்கினால்தான் முள் வெளியே தெரியும், அதற்குமுன் இழுத்தால் தவளை வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். எனவே ஓசையை நம்பாமல் நரம்பை நம்புங்கள். அடி விழுந்ததும் கம்பின் நுனியை நீரை நோக்கித் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கைக்குத் தெரிந்த பிறகே வலுவாக மேல்நோக்கி வெட்டி இழுங்கள். எனக்குக் கை அடங்காததால், அடி விழுந்ததும் ‘மீனாட்சி’ என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டு இழுக்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன்; பன்னிரண்டாவது விரால் அப்படித்தான் வந்தது. அடி தவறித் தவளை மிதந்துகொண்டே இருந்தால் அதை அசைக்காமல் விடுங்கள், அதே மீன் திரும்பவும் வரலாம்.

முள் ஏறியதும் மீனை ஓடவிட்டு விளையாடக் கூடாது. மீன் இழுத்தால் நரம்பு எளிதில் ஓடாதபடி ரீலின் பிடியை முன்பே இறுக்கி வைத்து, தலையை நீர்மட்டத்துக்கு மேல் தூக்கிப் பாசியின் மேலேயே இழுத்து வாருங்கள். தண்டுகளுக்குள் புகுந்துவிட்டால் திரும்பாது. கரையில் ஈரச் சாக்கால் பிடித்துக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். வெறுங்கையில் வழுக்கும், பல்லும் கூர்மையானது. சும்மா தரையில் போட்டால் நெளிந்து நெளிந்து நீருக்கே போய்விடும்.

பிறகு சேர்த்தவை

நாலு முறை எறிந்ததும் தவளை மூழ்குவதாக இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். முள் நுழையும் துளைகள் வழியே உள்ளே நீர் புகுவதுதான் காரணம். எறிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பிழிந்துவிடுங்கள். அடி விழுந்தும் கனமே தெரியாத நாட்களில், விரால் தவளையின் பின்னால் தொங்கும் ரப்பர்க் கால்களை மட்டும் கவ்வுகிறது. கால்களைக் கத்தரியால் பாதியாக வெட்டுங்கள். இரண்டு கால்களையும் சமமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் தவளை ஒருபக்கமாகச் சுழன்று வரும். பாசியே இல்லாத வெட்டவெளி நீரில் இந்தத் தவளையால் எனக்குப் பயன் கிடைத்ததில்லை. அங்கே பின்னால் சுழலும் தகடு வைத்த ஜம்ப் ஃப்ராக் மேல்.