வீட்டுச் செலவுக்குக் கடை கிரெடிட் கார்டு: வட்டி கட்டாமல் பயன்படுத்தும் முறை

அமேசான் பே ஐசிஐசிஐ, ஃபிளிப்கார்ட் ஆக்சிஸ், டாடா நியூ எச்டிஎஃப்சி என்று கடை நிறுவனங்களும் வங்கிகளும் சேர்ந்து வெளியிடும் கார்டுகளைப் பற்றியது இந்தப் பதிவு. எங்கள் வீட்டு மளிகை, மருந்து, ரீசார்ஜ் எல்லாம் இப்போது இப்படி ஒரு கார்டில்தான் நடக்கின்றன. வட்டியாக ஒரு ரூபாயும் போகவில்லை. அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன். விண்ணப்பிப்பதை விளக்கத் தேவையில்லை. பான், ஆதார், வீடியோ கேஒய்சி (வீடியோ அழைப்பில் அடையாளம் சரிபார்ப்பது) முடிந்தால் கார்டு வீடு தேடி வந்துவிடும்.

படி 1: உங்கள் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்

கடந்த சில மாதங்களின் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, எந்தக் கடைக்கு அதிகம் செலவழித்தீர்கள் என்று பாருங்கள். அமேசானில் வாங்குபவர் என்றால் ஐசிஐசிஐ கார்டு பிரைம் உறுப்பினர்களுக்கு 5 சதவீதமும், மற்றவர்களுக்கு 3 சதவீதமும் திருப்பித் தருகிறது. ஆண்டுக் கட்டணம் இல்லை. பிக்பாஸ்கெட், குரோமா, வெஸ்ட்சைடு பக்கம் அதிகம் போகிறவர்களுக்கு டாடா நியூ பொருந்தும். ஆனால் அங்கே பணத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் நியூகாயின் என்ற புள்ளிகளை டாடா குழுமக் கடைகளில்தான் செலவிட முடியும். சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். திரும்பி வருவதை எங்கே செலவழிக்க முடியும் என்பதையும் பாருங்கள்.

என் கருத்து: முதல் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இருக்கவே கூடாது. 'இத்தனை லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி' என்ற நிபந்தனை, தேவையில்லாததை வாங்க வைக்கும். சலுகை விகிதங்கள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் வங்கியின் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 2: கார்டைத் திறந்துவிடுங்கள், பாதியை மூடிவிடுங்கள்

புதுக் கார்டை இணையத்தில் போட்டதும் பணப் பரிமாற்றம் தோல்வியடைந்தால் பதற வேண்டாம். 2020 மார்ச் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டு உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடை இயந்திரங்களிலும் மட்டுமே வேலை செய்யும். இணையப் பயன்பாட்டை வங்கியின் செயலியில் நாமே இயக்க வேண்டும். அதே பக்கத்தில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்து வையுங்கள். ஏடிஎம்மில் பணம் எடுக்கும் வரம்பை முடிந்த அளவு குறைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணம் உண்டு. வட்டியும் அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

படி 3: பில் தேதியும் கடைசி நாளும்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பில் தேதி என்பது அந்த மாதக் கணக்கை மூடும் நாள். கடைசி நாள் என்பது பணம் கட்ட வேண்டிய நாள். உங்கள் பில் தேதி 15 என்றும், கடைசி நாள் அதிலிருந்து 18 நாட்கள் கழித்து என்றும் வைத்துக்கொள்வோம். ஜூன் 14 அன்று வாங்கிய அரிசி மூட்டை ஜூன் 15 பில்லில் வரும். ஜூலை 3க்குள் கட்ட வேண்டும், அதாவது 19 நாட்கள். ஜூன் 16 அன்று வாங்கினால் ஜூலை 15 பில்லில்தான் வரும். ஆகஸ்ட் 2 வரை நேரம் இருக்கிறது, 47 நாட்கள். பெரிய செலவைப் பில் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்வது இதனால்தான்.

பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும்: மொத்த நிலுவை, குறைந்தபட்சத் தொகை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டும்தான் தப்பும். வட்டி தப்பாது. அந்த வட்டியும் கடைசி நாளிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

ஜூன் 5 அன்று 20,000 ரூபாய்க்கு வாங்கினீர்கள். 5 சதவீதக் கணக்கில் 1,000 ரூபாய் திரும்பி வரும். ஜூலை 3 அன்று 1,000 ரூபாய் மட்டும் கட்டிவிட்டு, மீதியை ஜூலை 15 அன்று கட்டுகிறீர்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், 40 நாட்களுக்கு ஏறத்தாழ 907 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,070 ரூபாய். கிடைத்த சலுகை முழுவதும் போய், கையிலிருந்தும் 70 ரூபாய் போகிறது. நிலுவை தீரும் வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எண்கள் கையால் எழுதும்போதுதான் உறைக்கும்.

பில் தேதி சம்பள நாளோடு ஒத்துவரவில்லையா? மாற்றச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள். ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் சொல்கிறது.

படி 4: தானாகப் பணம் செலுத்தும் ஏற்பாடு

சம்பளம் வரும் கணக்கிலிருந்தே செய்யுங்கள். படிவத்தில் 'மொத்த நிலுவை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில வங்கிகளின் படிவத்தில் குறைந்தபட்சத் தொகையே முதலில் தேர்வாகியிருக்கும்; கவனிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். கடைசி நாளுக்குச் சில நாட்கள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும்.

பில் நினைவூட்டும் தனிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டு, பிறகு கடன் விற்க வருகின்றன. வங்கியின் சொந்தச் செயலியும் சமையலறைக் காலண்டரில் ஒரு சிவப்பு வட்டமும் போதும்.

படி 5: எதற்குக் கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமேசான் ஐசிஐசிஐ கார்டில் பெட்ரோல், தங்கம், வாடகை, இஎம்ஐ ஆகியவற்றுக்குச் சலுகை இல்லை. வட்டியில்லா இஎம்ஐ என்று வருவதிலும் எச்சரிக்கையாக இருங்கள்: வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடி செய்வார்கள், ஆனால் அந்த வட்டி மீதான ஜிஎஸ்டியை நாம்தான் கட்ட வேண்டும். செயல்முறைக் கட்டணமும் பெரும்பாலும் உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பினால் அதற்குக் கிடைத்த சலுகையும் திரும்பப் பெறப்படும்.

பின்னர் சேர்த்தது

தெருமுனை மளிகைக் கடையில் கியூஆர் மட்டும்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். யுபிஐயில் இணைக்க ரூபே (விசா போன்ற இந்தியக் கார்டு வலையமைப்பு) வகைக் கார்டு வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு இணையாது. டாடா நியூ கார்டை ரூபே வகையில் வாங்கலாம். ரூபே இருந்தும் சில கடைகளில் மறுக்கப்பட்டால், அங்கே ஒட்டியிருப்பது கடைக்காரரின் தனிநபர் கியூஆராக இருக்கும். கிரெடிட் கார்டுப் பணம் வணிகர் கணக்குக்கு மட்டுமே போகும். கடைக்காரரிடம் கோபப்படாமல் வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பிவிடுங்கள்.

கடைசி நாளை ஒருநாள் தவறவிட்டவர்களுக்கு: மூன்று நாட்களுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணம் விதிக்க முடியும். வட்டிக்கு இந்தச் சலுகை இல்லை, ஆகவே தெரிந்த நிமிடமே கட்டிவிடுங்கள்.

கார்டு ஒத்துவரவில்லை என்றால் நிலுவையைத் தீர்த்துவிட்டு, மூடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கோரிக்கை அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.